எல்லா வயலுக்கும் சுண்ணாம்பு ஆகுமா?



"மண்ணு கெட்டுப் போச்சு, சுண்ணாம்பு போட்டா சரியாயிரும்" என்று ஊரில் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது எந்த மண்ணுக்குச் சரி, எந்த மண்ணுக்குச் சரியில்லை என்று பார்ப்போம்.

சுண்ணாம்பின் வேலை, மண்ணிலுள்ள புளிப்பை, அதாவது அமிலத்தை முறிப்பது. மழை அதிகமாகப் பெய்யும் இடங்களில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் தண்ணீரோடு கரைந்து போய்விடும். மண் புளித்துவிடும். அந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும். மணிச்சத்தும் பயிருக்குச் சரியாகக் கிடைக்காது. நீலகிரியில் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும், கேரளத்தில் குட்டநாட்டு நெல்வயலுக்கும் சுண்ணாம்பு போடுவது இதனால்தான்.

நம்ம பக்கம் எப்படி? கரிசலைத் தோண்டினால் பல இடங்களில் சுக்கான் கல் வரும். அதுவே சுண்ணாம்புதான்! தாழையூத்தில் சுண்ணாம்புப் பாறை இருப்பதால்தான் 1949-ல் அங்கே சிமெண்ட் ஆலை வந்தது. ஏற்கெனவே சுண்ணாம்பு உள்ள மண்ணில் மேலும் கொட்டினால் காசும் போச்சு, இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் இலையும் வெளுத்துப் போகும்.

கெட்ட மண் மூன்று வகை. மருந்தும் மூன்று வகை.

1. அமில நிலம்: பி.எச். அளவு 6-க்குக் கீழே. இதற்குத்தான் சுண்ணாம்பு.

2. களர் நிலம்: பி.எச். 8.5-க்கு மேலே. மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணி இறங்காது. இதற்கு ஜிப்சம். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும். பிறகு தண்ணீரைத் தேக்கி வடித்தால் சோடியம் வெளியேறும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் நல்லது. சுண்ணாம்பு இந்த மண்ணில் கரையவே கரையாது.

3. உவர் நிலம்: காய்ந்தால் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். நல்ல தண்ணீர் தேக்கி, வடிகால் வெட்டி வடித்தாலே போதும்.

எங்க சித்தப்பா வயலில் தண்ணி இறங்காமல் நிற்கும். சுண்ணாம்பு வாங்க ரூபாய் எடுத்து வச்சிருந்தாவ. சித்திதான், "முதல்ல மண்ணைக் கொடுத்துப் பாருங்க" என்றாவ. முடிவில் பி.எச். 8.9 என்று வந்தது. ஜிப்சம் போடச் சொல்லி எழுதியிருந்தது. அந்த ரூபாய் தப்பிச்சது!

மண் எடுப்பது எப்படி?

* பிசான அறுப்பு முடிந்து, எரு போடும் முன் எடுக்க வேண்டும்.
* வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாது.
* 10 முதல் 15 இடங்களில், ஆங்கில 'வி' எழுத்து போல 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும்.
* எல்லாவற்றையும் கலந்து நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ள வேண்டும். அரைக் கிலோ வரும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட வேண்டும்.

இதை நம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் தொடங்கியது. வீட்டில் அட்டை இருந்தால் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ நாமே படித்துச் சொல்லலாமே!

நோய் தெரிந்து மருந்து கொடுப்போம்! மண்ணைக் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி