கோபுரத்துக்கு ஒரு சூரியன், பனைக்கு ஒரு சூரியன்

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். டேப்லெட்டில் ஊரை வரைகிறாராம். முன்னால் நாற்று நட்ட வயல், நடுவில் பனை வரிசை, பின்னால் பூவராகர் கோயில் கோபுரம், மேலே சாயங்கால வானம். பார்க்கிறவர்கள் எல்லாரும் சூப்பர் என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது, எது என்று பிடிபடவில்லை என்பது கடிதத்தின் சாரம். படத்தையும் அனுப்பியிருந்தார். அவர் சம்மதத்தோடு எனக்குப் பழக்கமான இரண்டு ஓவியர்களுக்கு அதை அனுப்பிவைத்தேன்.

முதலாமவர் பத்திரிகைகளுக்குக் காலமெல்லாம் படம் போட்டுவிட்டு இப்போது ஓய்வில் இருப்பவர். பார்த்த கையோடு போனில் கேட்டார்: “ஏம்ப்பா, அந்த ஊர்ல கோபுரத்துக்கு ஒரு சூரியன், பனைக்கு ஒரு சூரியனா?” அதன் பிறகுதான் எனக்கும் கண்ணில் பட்டது. கோபுரத்தின் இடப்பக்கம் வெயில் பட்டு மினுங்குகிறது. அப்படியானால் நிழல் வலப்பக்கம் விழ வேண்டும். பனை நிழல்களோ வயலில் இடப்பக்கமாக நீண்டு கிடக்கின்றன. காலையில் எடுத்த போட்டோவை வைத்துப் பனையையும், மாலையில் எடுத்ததை வைத்துக் கோபுரத்தையும் வரைந்திருப்பார் போலிருக்கிறது.

வரைந்தவருக்கு இது தெரியாமல் போனதில் வியப்பில்லை. மணிக்கணக்கில் பார்த்த படம் கண்ணுக்குப் பழகி, தப்பும் சேர்ந்து பழகிவிடும். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார், வேறொருவர் வரைந்தது போலத் தெரியும், குறை புலப்படும் என்று லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். இன்றைய வரைகலை மென்பொருள்களில் இடவலம் மாற்றிக் காட்ட ஒரு பொத்தான் போதும். அதைவிட நல்ல கண்ணாடி, படத்தை முதல் தடவையாகப் பார்க்கிற இன்னொரு ஓவியர்.

இரண்டாமவர் சென்னையில் அனிமேஷன் படங்களுக்குப் பின்னணி வரைகிறவர். அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. “படமா வேண்டாம், ஃபைலா அனுப்பச் சொல்லுங்க” என்றார். மறுநாள் ஃபைல் திரும்பி வந்தது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைப் பார்த்த பிறகுதான்.

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் ‘பெயின்ட் ஓவர்’ என்கிறார்கள். உங்கள் படத்தின் மேலேயே இன்னொருவர் வரைந்து திருத்திக் காட்டுவது. காகிதத்தில் இப்படிச் செய்தால் படம் போச்சு. வாட்டர்கலரில் ஆசிரியர் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் அதை யாரும் திரும்ப எடுக்க முடியாது. டிஜிட்டலில் ஒரு புது லேயரைத் திறந்து அதில் வரைகிறார்கள். அடியில் இருக்கிற உங்கள் கோடு ஒன்றுகூடக் கலையாது. லேயர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கண் குறியைத் தட்டினால் திருத்தம் மறையும், மறுபடி தட்டினால் தெரியும். ஃபோட்டோஷாப்பில் இந்த வசதி 1994-இல் வந்தது.

அவர் மூன்று லேயர் சேர்த்திருந்தார். முதலாவதில் வெறும் சாம்பல் நிறம், ‘கலர்’ என்ற முறையில். இந்த முறை மேலேயிருந்து நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளிச்ச அளவைக் கீழேயுள்ள படத்திலிருந்து எடுக்கும். சாம்பலுக்கு நிறம் ஏது? ஆக மொத்தப் படமும் கறுப்பு வெள்ளையாகிறது. கண் குறியைத் தட்டினேன். கோபுரத்தைக் காணோம்! ஆரஞ்சு வானமும் பச்சையும் நீலமுமான சுதைச் சிற்பங்களும் நிறத்தில்தான் வேறு, வெளிச்சத்தில் ஒரே அளவு. மாணவிக்கு உறுத்தியதில் பாதி இதுதான். ஒன்று வானம் வெளுக்க வேண்டும், இல்லை கோபுரம் இருள வேண்டும்.

இரண்டாவது லேயரில் தொலைவு மரங்கள் மேல் மெல்லிய நீலச் சாம்பல் பூச்சு. கடைசி வரிசைப் பனையும் முதல் வரிசைப் பனை போலவே கருகருவென்று இருந்ததால் எல்லாம் ஒரே சுவரில் ஒட்டியது போலத் தெரிந்தன. நமக்கும் தூரத்து மரத்துக்கும் நடுவே உள்ள காற்றும் வெயிலைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. சிவப்பைவிட நீலம் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகச் சிதறும். தூசியும் ஈரமும் அதை இன்னும் வெளுக்கவைக்கும். மலை நாட்டில் வரைகிறவருக்கு ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் மலைகளே ஆழத்தைக் கொடுத்துவிடும். வெள்ளாற்றுச் சமவெளியில் அந்த வேலையைச் செய்ய மரவரிசையை விட்டால் வேறு ஆள் இல்லை.

மூன்றாவது, வலப்பக்கமாகப் போட்ட நிழல், ‘மல்டிப்ளை’ முறையில். பெயருக்கேற்ற பெருக்கல் கணக்குதான்: வெளிச்ச அளவு கீழே 0.8, மேலே 0.5 என்றால் விடை 0.4. இருட்டுமே தவிர வெளுக்காது. நாற்றின் பச்சையும் நிழலுக்குள் உயிரோடு இருக்கும். கறுப்பை அள்ளிப் பூசினால் அது வராது.

ஒரு குறை சொல்ல வேண்டும். மாணவி எல்லாவற்றையும் ஒரே லேயரில் வரைந்திருந்தார். நிழல் தனி லேயரில் இருந்திருந்தால் பழையதை அணைத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கலாம். இப்போது பழைய நிழலை அழித்து, அந்த இடத்து நாற்றை மறுபடி நட வேண்டும்.

தோழியின் மொபைலில் நிறம் மாறித் தெரிகிறது என்றும் கேட்டிருக்கிறார். அவர் ஊருக்குப் பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோபால்ட் ஆக்சைடு கறுப்புப் பொடி. அதைக் குழைத்துத் தீட்டியதை எடைபோட சூளை திறக்கும் வரை பொறுக்க வேண்டும், நீலம் அங்கேதான் வரும். அதுபோல உங்கள் திரையை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று போன்களில் காட்டிப் பார்த்து நிறத்தை முடிவு செய்யுங்கள்.

டேப்லெட்டில் வரைவதும் ஒரு ஓவியமா என்று கேட்கும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. டேவிட் ஹாக்னி எழுபது வயது தாண்டி, 2011-இல் யார்க்‌ஷயரின் வசந்தத்தை ஐபேடில் வரைந்தார். மறு ஆண்டு லண்டன் ராயல் அகாடமியில் அவை பெரிய தாள்களில் அச்சாகித் தொங்கின. இதைச் சொல்லி மாமாவை அனுப்பிவைக்கலாம்.

எனக்குக் கவலை வேறு. பள்ளியில் ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார், திருப்பித் தருவதில்லை. அங்கே கிடைக்காத பயிற்சியைப் பிள்ளைகள் போனில் தேடினால் அங்கே கிடைப்பது இதயக் குறியும் ‘செம’வும். அந்தப் பாராட்டால் பனை நிழல் ஓர் அங்குலம்கூட நகராது. கே.சி.எஸ். பணிக்கரும் சக ஓவியர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கி, பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருந்து வரைந்தார்கள். ஓவியருக்கு அக்கம்பக்கம் ஓவியர் தேவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் அப்படியோர் அக்கம்பக்கம் இல்லாவிட்டாலும் ஃபைல் எங்கும் போகும்.

ஆகவே தங்காய், அடுத்த படத்தைப் பாதியிலேயே அனுப்புங்கள். முடித்த பிறகு திருத்த மனசு வராது. ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள், ‘வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது’ என்று கேளுங்கள். திருட்டு ஃபோட்டோஷாப்பும் வேண்டாம். கிரிட்டா என்ற மென்பொருளில் நான் மேலே சொன்ன மூன்று வேலைகளும் நடக்கும், கணினியில் அது இலவசம்.