நேரசூசியும் தலைமையாசிரியரும்

தலைமையாசிரியரின் அறைச் சுவரிலே, நிறப்பென்சிலாற் கட்டம் கட்டமாகப் பிரித்த பெரிய கடதாசியொன்று தொங்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பிள்ளை எத்தனை புள்ளி பெற்றான், வகுப்பில் எத்தனையாம் பிள்ளையாக வந்தான் என்று விசாரிக்கும் பெற்றோர், அவனுக்குக் கணிதம் எந்தப் பாடவேளையில் நடைபெறுகின்றது என்று கேட்பது அரிது. ஆயினும் எந்த ஆசிரியர், எந்தப் பிள்ளைகளுக்கு, எந்த வேளையிற் படிப்பிப்பார் என்பதைத் தீர்ப்பது அந்தக் கடதாசியே. ஒரு பாடசாலையை நடத்துபவர் எத்தகையவர் என்பதற்கு, பரிசளிப்பு விழாவில் அவர் வாசிக்கும் அறிக்கையைக் காட்டிலும் நேரசூசியே நம்பத்தகுந்த சான்று என்பது என் எண்ணம்.

இளைய வாசகர்களுக்குக் கதை போலத் தோன்றக்கூடிய ஒரு காலத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையிலே சனி, ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாளும் அதற்கு முந்திய நாளுமே வார இறுதியாக இருந்தன. சந்திரனின் ஒரு சுற்று ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அதனை நான்காகப் பகிர்ந்தால் ஏழுக்குமேற் சிறிது மிஞ்சுமன்றோ? ஆகவே சில கிழமைகள் எட்டு நாளாக நீண்டன. ஐந்து நாளுக்கென எழுதிய நேரசூசிக்கு ஆறாவது நாளொன்று வந்து வாய்க்கும். அன்று என்ன படிப்பிப்பது?

அப்பொழுது நான் யாழ்ப்பாணக் கிராமமொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன். அதிலும் "பி" பிரிவு. உச்சி வெயிலில் வீட்டுக்கு ஓடி, உண்டு திரும்பியபின் வரும் கடைசிப் பாடவேளைதான் எங்களுக்குக் கணிதம். ஆசிரியரின் கண் பஸ் வரும் தெருவில் இருக்கும். எங்கள் கண் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டில் இருக்கும். ஆறாவது நாளிலோ முதல் நாளின் நேரசூசியே மறுபடி நடக்கும். அந்த முதல் நாளிற் கணிதமே இல்லை.

அடுத்த ஆண்டு வேறொரு தலைமையாசிரியர் வந்தார். அவர் அதிகம் பேசுபவரல்லர். ஒரு சிறு கொப்பியுடன் வகுப்பு வகுப்பாகச் சென்று, ஆசிரியர் லீவினாலும் விளையாட்டுப் போட்டியாலும் தவறிய பாடவேளைகளைக் குறித்துக்கொள்வார். ஆறாவது நாள் அந்தக் கடனைத் தீர்க்கும் நாளாயிற்று. எங்கள் கணிதம் காலை முதற் பாடவேளைக்கு ஏறியது. பெரிய வகுப்புக்கு மட்டுமே படிப்பித்து வந்த மூத்த கணித ஆசிரியரையும் எங்களுக்கு அனுப்பினார். அவருக்கு அது உவப்பாக இருக்கவில்லை. முதல் மாதம் முழுவதும் கடுகடுத்த முகத்துடனேயே வந்தார். அவ்வாண்டு நாங்கள் எல்லோரும் தேறினோம் என்று எழுத ஆசைதான், அது உண்மையன்று. ஆனால் பின்னக் கணக்கென்றால் வகுப்பை விட்டு நழுவும் என் வாங்குத் தோழன், ஒருநாள் அதனைக் கரும்பலகையில் தானே செய்து காட்டினான். அந்தக் கடுகடுத்த முகம் மலர்ந்ததை அன்றுதான் கண்டோம்.

நாற்பது நிமிடப் பாடவேளை எட்டு என்பதே நம் பாடசாலைகளிற் பல்லாண்டுகளாக நிலவி வந்த முறை. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் பிந்தித் தொடங்கினால், நாளொன்றுக்கு ஒரு முழுப் பாடவேளை தொலையும். இருநூறு நாளில் இருநூறு பாடவேளை. அதாவது இருபத்தைந்து பாடசாலை நாட்கள்! மணி அடித்ததும் விறாந்தையில் வந்து நிற்கும் அதிபர் ஒருவர், யாதொரு செலவுமின்றி இந்த நாட்களை மீட்டுத் தருகிறார்.

ஒரு பாடத்தை ஒரே நாளிற் குவிப்பதைவிடப் பல நாட்களிற் பகிர்ந்து படித்தால் நன்கு நிலைக்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885 இல் வெளியிட்ட நூலிலேயே காட்டினார். விஞ்ஞானச் செய்முறைக்கு இரட்டைப் பாடவேளை வேண்டியதே. கணிதத்துக்கும் மொழிக்கும் அது பொருந்தாது.

தொடங்கும் நேரமும் ஒரு சிக்கல். குமரப்பருவத்தில் உறக்கம் இயல்பாகவே பிந்தி வருகின்றது. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் 2016 இல் உயர்தரப் பாடசாலைகளின் தொடக்கத்தைக் காலை 7.50 இலிருந்து 8.45 க்கு மாற்றியபோது, மாணவர் சராசரி 34 நிமிடம் கூடுதலாக உறங்கினர் என ஆய்வாளர் கண்டனர். நம் நாட்டு வெயிலுக்கு அதனை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் விடியுமுன் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்கு, முதற் பாடவேளையில் எதை வைப்பது என்றாவது சிந்திக்கலாம்.

அண்மையில் என் பேரனின் பாடசாலைக்குச் சென்று நேரசூசியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உப அதிபர் வியப்புடன், "இதை ஒருவரும் கேட்பதில்லை ஐயா" என்றபடி கடதாசியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் விரித்தார். கிழமையில் மூன்று நாள் கணிதம் கடைசிப் பாடவேளையில் இருந்தது. மூன்று வகுப்புக்கு ஒரே ஆசிரியர்தான் என்று விளக்கியவர், சற்றுநேரம் கட்டங்களைப் பார்த்திருந்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து அழிறப்பரைத் தேடினார்.