கடைமடைக்கும் கேட்க வேண்டும்

மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்ததும், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுகிறார்கள். மிஞ்சும் வெள்ளம் கொள்ளிடத்தில் போய்விடும். நல்ல வருடமாக இருந்தால் எல்லா ஆற்றிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஓடும். வரத்து குறைந்தால் முறைப்பாசனம்தான்: சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு செல்போன் டவரின் கீழ் ஊரே பேசுவதும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். ஒரு கம்பெனிக்கு அரசாங்கம் ஒதுக்கும் அலைவரிசைக்கு ஓர் அகலம் உண்டு. அதற்குள்தான் எல்லோரும் பேசியாக வேண்டும். அகலத்தைத் துண்டு துண்டாக்கிக் கொடுக்கலாம்; அது தனித்தனி வாய்க்கால். ஒரே துண்டைப் பலருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம், அது முறைப்பாசனம். பழைய ஜி.எஸ்.எம். போன்கள் இரண்டையும் சேர்த்தே செய்தன. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வொரு வாய்க்காலிலும் எட்டு பேர் முறை வைத்துப் பேசினார்கள். முறை மாறுவது அவ்வளவு வேகமாக நடந்ததால் யாருக்கும் பேச்சு அறுந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. தண்ணீரை வைத்து அதைச் செய்யவே முடியாது. எல்லோருடைய பங்கையும் ஒரே வாய்க்காலில், ஒரே நேரத்தில் கலந்துவிட்டு, அவரவர் மடையில் அவரவர் பங்கு மட்டும் பிரிந்து ஏறினால் எப்படி இருக்கும்? ரேடியோ அலையில் இது நடக்கும். இதைச் சி.டி.எம்.ஏ. என்பார்கள். 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் நம் நாட்டில் தொடங்கிய செல்போன் சேவை இந்த முறையில்தான் ஓடியது. பி.எஸ்.என்.எல். கொடுத்த டபிள்யூ.எல்.எல். போன்களிலும் இதே முறை உண்டு. வீட்டில் மேஜைமேல் இருக்கும், தலையில் ஒரு சின்ன ஏரியல் நீட்டிக்கொண்டிருக்கும்; வயல் தாண்டிக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. அம்மா அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும்.

கலந்ததைப் பிரிப்பது மந்திரம் இல்லை, கூட்டலும் பெருக்கலும்தான். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டவர் இரண்டு பேருக்குச் செய்தி அனுப்புகிறது. அக்கா போனுக்கு 1, −1, 1, −1 என்று ஒரு குறியீடு. மாமா போனுக்கு 1, 1, −1, −1. ‘ஆம்’ என்று சொல்லக் குறியீட்டை அப்படியே அனுப்ப வேண்டும். ‘இல்லை’ என்று சொல்ல எல்லாக் குறிகளையும் திருப்பி அனுப்ப வேண்டும்.

அக்காவுக்கு ‘ஆம்’: 1, −1, 1, −1. மாமாவுக்கு ‘இல்லை’: −1, −1, 1, 1. இரண்டையும் ஒரே அலையில் அனுப்பினால் காற்றில் கூடிப்போய் 0, −2, 2, 0 என்றுதான் எல்லாப் போனுக்கும் வந்து சேரும். பார்த்தால் ஒன்றும் புரியாத குழப்பம். அக்கா போன் என்ன செய்யும்? வந்த ஒவ்வொரு எண்ணையும் தன் குறியீட்டால் பெருக்கிக் கூட்டும்: 0 + 2 + 2 + 0 = 4. விடை கூட்டல் குறி, அதாவது ‘ஆம்’. மாமா போன் தன் குறியீட்டால் பெருக்கினால் 0 − 2 − 2 + 0 = −4, அதாவது ‘இல்லை’. பக்கத்து வீட்டுத் தாத்தா போனின் குறியீடு 1, −1, −1, 1. அவருக்கு 0 + 2 − 2 + 0 = 0. தனக்கு எதுவும் வரவில்லை என்று அந்தப் போனுக்குத் தெரிந்துவிடும்!

இந்தக் குறியீடுகளில் எந்த இரண்டை எடுத்துப் பெருக்கிக் கூட்டினாலும் பூஜ்யம்தான் வரும். சூட்சுமம் அதில் இருக்கிறது. நாம் நான்கு எண் நீளத்தில் போட்டுப் பார்த்தோம். உண்மையான சி.டி.எம்.ஏ. டவரில் 64 எண் நீளம், 64 குறியீடுகள். நொடிக்கு 12,28,800 எண்கள் பறந்தன.

போனிலிருந்து டவருக்குப் போகும் திசையில் ஒரு சிக்கல். ஒரு போன் பக்கத்தில், இன்னொன்று தொலைவில். எண்கள் ஒரே தாளத்தில் வந்து சேர்வதில்லை. அதனால் அந்தத் திசையில் மிக நீண்ட வேறொரு குறியீட்டை வைத்தார்கள். ஒருமுறை முழுதாக ஓடி மறுபடி முதலுக்கு வர அதற்கு 41 நாளுக்கு மேல் ஆகும்! அதில் ஒவ்வொரு போனும் வெவ்வேறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இங்கே பெருக்கிக் கூட்டினால் அடுத்தவர் பேச்சு சரியாகப் பூஜ்யம் ஆகாது. கொஞ்சம் இரைச்சல் மிஞ்சும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

வாய்க்காலின் தலைமடைக்காரர் வேண்டிய அளவுக்கு மேல் எடுத்தால் கடைமடை காயும். பேராவூரணிப் பக்கம் கேட்டால் இந்த வருத்தத்தைச் சொல்வார்கள். டவருக்கும் தலைமடை, கடைமடை உண்டு. பத்து மடங்கு தூரத்திலிருந்து வரும் அலை குறைந்தது நூறு மடங்கு மெலிந்துவிடும். நடுவில் தோப்பும் வீடும் இருந்தால் ஆயிரக்கணக்கான மடங்குகூட மெலியும். டவரடியில் நிற்பவர் போன் முழுச் சக்தியில் கத்தினால், வயல் கடைசியில் இருப்பவர் குரல் அந்த இரைச்சலில் முழுகிப்போகும்.

இதற்கு மடையில் ஷட்டரைத் திருகும் ஆளைப் போல டவரே வேலை செய்தது. ஒவ்வொரு போனுக்கும் நொடிக்கு 800 முறை ஆணை போகும்: ‘கொஞ்சம் ஏற்று’ அல்லது ‘கொஞ்சம் இறக்கு’. பக்கத்துப் போன் மெல்லப் பேசும், தூரத்துப் போன் உரக்கப் பேசும்; டவர் காதுக்கு இரண்டும் ஒரே அளவில் கேட்கும். நாம் பேச்சை நிறுத்தி எதிராளி சொல்வதைக் கேட்கும்போது, போன் அனுப்பும் தகவல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அந்த மௌனம் வீணாவதில்லை. அந்த நேரம் மற்றவர்களுக்கு இரைச்சல் குறைகிறதே, அது அவர்களுக்குக் கிடைத்த பங்கு.

ஆக, இந்த டவரில் எத்தனை பேர் பேசலாம்? ஜி.எஸ்.எம். என்றால் எண்ணிச் சொல்லிவிடலாம். இருக்கும் இடம் நிரம்பினால் அடுத்தவருக்கு இல்லை. சி.டி.எம்.ஏ.வில் கதவு அப்படிச் சட்டென்று மூடாது. ஒருவர் கூடினால் எல்லோருக்கும் இரைச்சல் கொஞ்சம் கூடும். கூட்டம் பெருகப் பெருக, ஓரத்தில் இருக்கும் போன் முழுச் சக்தியில் பேசினாலும் எட்டாது. டவரின் எல்லையே சுருங்கிவிடும். கூட்டம் கலைந்தால் மறுபடி விரியும். இதைப் பொறியாளர்கள் டவர் மூச்சு விடுகிறது என்பார்கள். இங்கேயும் முதலில் தவிப்பது கடைமடைதான்.

அந்தப் போன்கள் இன்று இல்லை. 4ஜி வந்தபின் அலைவரிசையை மிக மெல்லிய வாய்க்கால்களாக வகுந்து, அவற்றை நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் குறியீட்டு வித்தை போய்விடவில்லை. மல்லிப்பட்டினத்திலிருந்து மீன்பிடிக்கப் போகும் படகின் ஜி.பி.எஸ். கருவியில் இருக்கிறது, உங்கள் வீட்டுச் செல்போனிலும் இருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் எல்லாமே 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் 1,023 எண் நீளமுள்ள தனிக் குறியீடு. நம் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்களும் இப்படித்தான் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இப்போது உங்கள் முறை. அக்கா, மாமா, தாத்தா மூவருக்கும் டவர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பியது. குறியீடுகள் மேலே சொன்னவைதான். காற்றில் வந்து சேர்ந்த எண்கள் 1, 1, −3, 1. யாருக்கு ‘ஆம்’, யாருக்கு ‘இல்லை’?