இணைய மறுத்த விளக்கு

மனிதன் படைத்த கருவிகள் சிற்சில வேளைகளில் அவனுக்குப் பணிய மறுப்பதுண்டு. அப்போது கருவியைத் தட்டிப் பார்ப்போர் பலர். விற்றவரைக் குறை கூறுவோரும் பலர். காரணத்தை ஆராய்வோர் சிலரே. அவ்வாராய்ச்சி எம்முறையில் நிகழ வேண்டும் என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் காண்போம்.

இரவில் எழுந்து இருளில் தடுமாறும் பாட்டியாருக்காக ஒரு வீட்டார் ஸ்மார்ட் விளக்கு ஒன்றை வாங்கினர் என்று கொள்வோம். வைஃபை வழியாகக் கட்டளை பெற்று, குறித்த நேரத்தில் தானே எரிவது அவ்விளக்கு. ஆனால் அதனை வீட்டு வைஃபையுடன் இணைக்க முயன்றபோதெல்லாம், இணைக்க இயலவில்லை என்னும் செய்தியே கைப்பேசியில் தோன்றியது. அதே அறையில் கைப்பேசிக்கு வைஃபை நன்றாகக் கிடைத்தது. ஆகவே விளக்கே பழுதுடையது என்று வீட்டார் முடிவு செய்தனர். அம்முடிவு சரியானதா?

இதனை அறிய, வைஃபையின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும். ஒளியைப் போலவே வைஃபையும் மின்காந்த அலையே ஆகும். நொடிக்கு எத்தனை முறை அலை அதிர்கின்றது என்பதை, அவ்வலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் என்பாரின் பெயராலேயே அளக்கிறோம். வீடுகளில் உள்ள ரவுட்டர்கள் பல, இருவகை அலைகளை வெளியிடுகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ்; அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். பின்னதன் அலைநீளம் அதிற் பாதியளவே. நீண்ட அலை சுவர்களை ஓரளவு எளிதில் ஊடுருவும். குறுகிய அலை செய்திகளை விரைவாகக் கொண்டு செல்லும். எனினும் சுவர்களால் விரைவில் வலிமை குன்றும்.

கைப்பேசிகளுள் பெரும்பாலானவை இருவகை அலைகளையும் ஏற்கவல்லவை. விளக்கு போன்ற சிறு கருவிகள் பலவோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே ஏற்கும். எரிக, அணைக என்னும் சிறு கட்டளைகளுக்கு மிகுந்த வேகம் வேண்டுவதில்லை, செலவும் குறைகின்றது. ஆதலால், கைப்பேசி இயங்குவது கொண்டு விளக்கைப் பழுதெனக் கூறல் பொருந்தாது. இருமொழி அறிந்தவனுக்கு விளங்கிய பேச்சு ஒருமொழியே அறிந்தவனுக்கு விளங்காவிடின், அவனைச் செவிடன் என்னலாமோ?

வீட்டார் மீண்டும் பொறுமையுடன் முயன்றனர். முதலில், விளக்கு இணைவதற்குரிய நிலையில் உள்ளதா என்று பார்த்தனர். கருவியுடன் வந்த குறிப்பிற் கூறியவாறு அது விட்டு விட்டு மின்னியது. இரண்டாவதாகக் கடவுச்சொல்லைச் சரிபார்த்தனர். ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சிறிய எழுத்தை இட்டாலும் ரவுட்டர் ஏலாது. கடவுச்சொல்லில் பிழை இல்லை. மூன்றாவதாக, விளக்கை ரவுட்டருக்கு அருகிற் கொண்டு சென்று முயன்றனர். அங்கே இணைந்திருப்பின், இடையிலுள்ள சுவரோ தொலைவோ தடை என்பது புலனாகியிருக்கும். அங்கும் அது இணையவில்லை.

நான்காவதாக ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தனர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது! அதனை இயக்கியவுடன் விளக்கு இணைந்தது. அன்றிரவு பாட்டியாரின் அறை இருளில் மூழ்கவில்லை.

எல்லா வீடுகளிலும் காரணம் இதுவே என்று கொள்ளற்க. சில வீடுகளில் இருவகை அலைகளும் ஒரே பெயரில் இயங்குவதால் இணைப்பில் குழப்பம் நேரும். அவற்றுக்கு வெவ்வேறு பெயர் இட்டால் அது தீரும். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்னும் பாதுகாப்பு முறையைப் பழைய கருவிகள் பல அறியா. அவற்றிற்காக முந்தைய டபிள்யூ.பி.ஏ. 2 முறையையும் ரவுட்டரில் இயக்குதல் வேண்டும். எக்காரணமாயினும், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் கருவி இயங்கக்கூடும். ஆயின் எதனால் இயங்கியது என்பது விளங்காது. மறுமுறை குறை நேருங்கால் நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்போம்.

கடவுச்சொல்லை நீக்கிவிட்டால் எளிதில் இணையும் என்று எண்ணுவோரும் உளர். திருகும் சாவி சிக்கிக்கொண்டது என்பதற்காக வீட்டுக் கதவையே கழற்றிவிடுவார் உண்டோ? 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்கள் முதலிய கருவிகளுள் பெருந்தொகையாகப் புகுந்தது. அக்கருவிகளையே படையாகக் கொண்டு நிகழ்த்திய தாக்குதலால், அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் புகழ்பெற்ற இணையதளங்கள் பல சில மணி நேரம் முடங்கின. நம் வீட்டுக் கருவியின் காவல் பிறர் நலத்தையும் சார்ந்தது என்பதை இதனால் உணரலாம்.

நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருவள்ளுவர் காட்டிய நெறி. உடலுக்குக் கூறிய அந்நெறி கருவிகளுக்கும் பொருந்தும். ஆராயாது பழி கூறியிருப்பின், குறையற்ற ஒரு விளக்கு குப்பையிற் சேர்ந்திருக்கும். பாட்டியாரும் இருளிலேயே நடந்திருப்பார்.