கண்ணும் குவிவில்லையும்

தொலைவிலுள்ள பொருளினின்று வரும் ஒளிக்கதிர்கள் குவிவில்லையின் வழியே சென்று, குவியத்தில் கூடித் தலைகீழான மெய்ப்பிம்பத்தைத் தோற்றுவிக்கின்றன. பொருள் நெருங்க நெருங்கப் பிம்பம் வில்லையினின்றும் விலகிச் செல்லும். ஒளிப்படக் கருவியில் வில்லையை முன்னே நகர்த்தி இதனைச் சரிசெய்வர். கண்ணிலோ வில்லைக்கும் விழித்திரைக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. ஆதலின், அண்மையிலுள்ள பொருளை நோக்குங்கால், வில்லையைச் சூழ்ந்த வளையத் தசை சுருங்குகிறது. வில்லையைப் பிடித்துள்ள இழைகள் தளர்கின்றன. வில்லை தடித்து, அதன் குவிதூரம் குறைகிறது.

ஏறத்தாழ 40 வயதிற்குப்பின் வில்லை இறுகி இவ்வாற்றல் குன்றுவதால், ஊசியில் நூல் கோப்பதும் அரிதாகிறது. தையற்காரர், நெசவாளர் போன்றோரின் பிழைப்பே இதனால் தடைப்படக்கூடும். எனினும், சுமார் 50 செ.மீ. குவிதூரமுள்ள எளிய குவிவில்லையே பலருக்குப் போதுமானது. 1987இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம், சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களில் கண்களைச் சோதித்து இத்தகைய கண்ணாடிகளை அளித்து வருகிறது.