மண்ணைச் சோதிக்கும் சுத்தியல்!

குழந்தைகளே, கபடி ஆடும்போது கீழே விழுந்திருக்கிறீர்களா? 'விழாமல் கபடியா?' என்று சிரிக்கிறீர்கள். சரிதான். ஆனால் எந்த மண்ணில் விழுகிறோம் என்பது முக்கியம்.

புதுச்சேரியில் நான் ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. பங்குனி வெயிலில் காய்ந்து கட்டாந்தரையாகிப் போன திடலில் கபடிப் போட்டி வைத்தேன். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. 'பார்த்து ஆடியிருக்கலாம்' என்று அவனைத்தான் எல்லோரும் சொன்னோம். முதல் நாளே மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்திருக்க வேண்டியவன் நான். தப்பு என்னுடையது!

நம் கடற்கரை மணலில் குதித்தால் வலிக்காது. சாலையோர நடைபாதையில் அதே உயரம் குதித்தால் பாதம் எரியும். ஏன்? மணல் அமுங்கி, நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறது. சிமென்ட் தரை சட்டென்று நிறுத்திவிடுகிறது.

இந்த வேறுபாட்டை அளக்க ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் 'கிளெக் சுத்தியல்'. ஆஸ்திரேலியப் பொறியாளர் பேடன் கிளெக், 1970-களில் சாலை போடும் மண்ணைச் சோதிக்க இதை உருவாக்கினார். பிறகு அது விளையாட்டுத் திடலுக்கும் வந்தது.

ஒரு குழாய்க்குள் இரண்டேகால் கிலோ எடை இருக்கும். அதை 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். தரை அதை எவ்வளவு வேகமாக நிறுத்தியது என்று கருவி எண்ணில் காட்டும்.

ஒரு சின்னக் கணக்கு. எடை 1 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், அதன் மீது சராசரியாக அதன் எடையைப் போல் சுமார் 45 மடங்கு விசை விழும். அரை சென்டிமீட்டரிலேயே நின்றால்? சுமார் 90 மடங்கு! அமுங்குவது பாதியானால் அடி இரட்டிப்பாகிறது.

அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கில், இந்தக் கருவி காட்டும் எண் திடலின் எந்த இடத்திலும் 100-ஐத் தாண்டக் கூடாது. 2016 ஆகஸ்ட் 7 அன்று கேன்டன் நகரில், செயற்கைப் புல்லில் தீட்டிய சாயத்தால் தரை கெட்டிப்பட்டது. ஆட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள்!

நம்மவர்களும் இதை அறிந்தவர்கள்தான். ஜல்லிக்கட்டில் வாடிவாசல் முன்பு தேங்காய் நார்க்கழிவைப் பரப்புவது எதற்கு? வீரரும் காளையும் விழுந்தால் அடிபடாமல் இருக்கத்தான்.

அதற்காகத் திடல் மெத்தை போல இருந்தாலும் ஆபத்து. கால் புதைந்து கணுக்கால் பிசகும். நம் ஊர் பெத்தாங் விளையாட்டுக்குக் கெட்டித் தரை நல்லதுதான். அங்கே விழுவது இரும்புக் குண்டு, நாம் இல்லையே!

உங்களிடம் கருவி இல்லாவிட்டால் என்ன? ஆடும் முன் குதிகாலால் மண்ணை அழுத்திப் பாருங்கள். நடுவில், ஓரத்தில், நிறைய பேர் ஓடும் இடத்தில் என்று நாலைந்து இடத்தில் பாருங்கள். தடமே விழவில்லையா? பி.டி. சாரிடம் சொல்லுங்கள். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்த பிறகு ஆடலாம்.

இன்னொன்று. கை முறிந்தால் கட்டுப் போட்டுக் கூடிவிடும், தலை அப்படியல்ல. தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும், அன்று மறுபடி ஆடக் கூடாது. பெரியவர்களிடம் உடனே சொல்ல வேண்டும்.

நாளைக்குத் திடலுக்குப் போனதும், முதலில் மண்ணை விசாரிப்பீர்கள்தானே?