விடுதலை ஆகிட்டா வழக்கு முடிஞ்சுதா? கூவத்தூரைக் கலங்கடித்த அந்தத் தீர்ப்பு!

2017 பிப்ரவரி 14. தமிழ்நாட்டின் மொத்தக் கண்ணும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கூவத்தூர் மேல்தான். அ.தி.மு.க எம்.எல்.ஏ-க்கள் தங்கியிருந்த ரிசார்ட்டில் சசிகலாவும் இருந்தார். சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வாகி ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. ஆளுநரின் அழைப்புக்காகக் காத்திருந்தவரை, டெல்லியில் வாசிக்கப்பட்ட ஒரு தீர்ப்பு மறுநாளே பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறைக்கு அனுப்பியது.

‘2015-லேயே கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டதே, அப்புறம் எப்படி?’ என்று பலரும் குழம்பினார்கள்.

விடுதலை தீர்ப்பை எதிர்த்தும் மேல்முறையீடு செய்யலாம். சொத்துக்குவிப்பு வழக்கு கர்நாடகாவுக்கு மாற்றப்பட்டிருந்ததால், அந்த அரசுதான் உச்ச நீதிமன்றம் போனது. ஆனால், அப்படிப் போய் ஜெயிப்பது லேசில்லை. குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதி. கோர்ட்டே விடுவித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு இன்னும் பலமாகிறது. ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க முடியும் என்றால், விடுதலை செய்த பார்வையைத் தொடக்கூடாது. ‘நானாக இருந்தால் தண்டித்திருப்பேன்’ என்று மேல் கோர்ட் நீதிபதி நினைப்பது போதாது. கீழ் கோர்ட் தீர்ப்பு நிற்கவே முடியாதது என்று காட்ட வேண்டும். 2007-ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்ன விதிகளின் சாரம் இது.

இந்த வழக்கில் நிற்க முடியாமல் போனவற்றில் ஒன்று, பள்ளிக்கூடக் கூட்டல் கணக்கு! வருமானத்தைவிட அதிகமான சொத்து 8.12 சதவிகிதம்தான், 10 சதவிகிதத்துக்குள் இருப்பதால் குற்றமில்லை என்றது உயர் நீதிமன்றம். அதில் வருமானமாகக் காட்டப்பட்ட 10 கடன்களின் கூட்டுத்தொகை 24.17 கோடி ரூபாய். திரும்பக் கூட்டினால் 10.67 கோடிதான் வருகிறது. பதின்மூன்றரைக் கோடி அதிகம்! அதைத் திருத்தினால், 8 சதவிகிதம் 76-ஐத் தாண்டுகிறது. கூட்டல் மட்டுமல்ல, சாட்சியங்களை எடைபோட்ட விதத்தையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சிறப்பு நீதிபதி குன்ஹா 2014-ல் கொடுத்த நான்காண்டுத் தண்டனை மீண்டும் உயிர்பெற்றது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்றே இறந்துவிட்டதால், அவர் மீதான மேல்முறையீடு மட்டும் அற்றுப்போனது.

சரி, இது வி.ஐ.பி வழக்கு. பொத்தேரியில் ஒரு சாதாரணக் குடும்பம் பாதிக்கப்பட்டு, செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் குற்றவாளியென நிறுத்தப்பட்டவரை விடுவித்துவிட்டால்? முன்பெல்லாம் போலீஸ் வழக்குகளில் அரசு மனதுவைத்தால்தான் அப்பீல். 2009 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரோ, அவர் இறந்துவிட்டால் வாரிசோ நேரடியாகச் சென்னை உயர் நீதிமன்றம் போகலாம். அரசுக்குத் தேவைப்படும் முன் அனுமதிகூட இவர்களுக்குத் தேவையில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இது 413-வது பிரிவு.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். அப்பீலுக்குப் பதில் ‘ரிவிஷன்’ எனும் சீராய்வு மனு போட்டால், உயர் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிடலாமே தவிர, விடுதலையைத் தண்டனையாக மாற்ற முடியாது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் அப்படி மாற்றப்பட்ட உத்தரவை 2022-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வக்காலத்தில் கையெழுத்து போடும்போதே, எந்த மனு என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.